குளிரறையில் ஓர் ஒத்திகை

மகளுக்கு,

உன் கல்யாணத்தன்று, இனி உன்னோடு பேச மாட்டேன் என்றேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

டிசம்பரில் நீ இருக்கும் போர்ச்சுகலுக்கு வருகிறோம். உன் அம்மாவைத் தனியாக விமானத்தில் அனுப்ப முடியாது. அதற்காக மட்டும்தான் நான் வருகிறேன்.

அங்கே குளிர்காலமாம். திருவனந்தபுரத்தில் டிசம்பரிலும் ஃபேன் ஓடுகிறது. குளிரை நாம் எங்கே கண்டோம்? சாலை பஜாரில் இருக்கும் நம் கடையில் வேட்டியும் துண்டும்தான் இருக்கின்றன. அதனால் வெளியே ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். "எந்தக் குளிரும் தாங்கும்" என்றான் கடைக்காரன். நானும் ஜவுளி விற்கிறவன்தானே, அந்தப் பேச்சை நம்புவேனா? அதைப் போட்டுக்கொண்டு விழிஞ்ஞத்தில் மீன் வைக்கும் குளிரறைக்குள் போய் நின்றேன். ஸ்வெட்டர் முழங்கால் வரை தொங்கியது. கை விரல்கூட வெளியே தெரியவில்லை. அங்கே வேலை பார்க்கும் உச்சிமாகாளி, "அண்ணாச்சி, மீனு வைக்கவே எடமில்ல, வெளிய வாங்க!" என்று கத்தினான்.

இதை அம்மா போனில் உன்னிடம் சொல்லிச் சிரித்திருப்பாள். "சின்னதா ஒண்ணு மாத்திட்டு வாங்களேன்" என்கிறாள். மாற்ற மாட்டேன். ஆறடி ஆளுக்கு எடுத்தது எனக்கு அப்படித்தான் இருக்கும்.

உள்ளே துளிக் குளிர் ஏறவில்லை. மாப்பிள்ளை தைரியமாகப் போடலாம்.

இப்படிக்கு,
அம்மாவின் பெட்டியைத் தூக்க மட்டும் வரும்
அப்பா