நீங்கள் உட்காராத மறுவீட்டுப் பந்தி

தாத்தா,

இன்று காலை மருமகள் சளிக்கென்று கொள்ளு வேகவைத்தாள். அந்த வாசம் கூடத்துக்கு வந்ததும் எனக்குத் தென்காசி ரயில் நிலைய வாசல்தான் நினைவுக்கு வந்தது. ஐம்பதுகளில் அங்கே கொள்ளு தின்னும் குதிரைகளோடு ஜட்கா வண்டிகள் வரிசையாக நிற்கும். சாரல் காலத்தில் வண்டிக்காரர்கள் குத்தாலம், குத்தாலம் என்று கூவி ஆள் பிடிப்பார்கள். நீங்கள் ஒருநாளும் ஏறியதில்லை. மூன்று மைலும் நடைதான். எனக்குக் கால் வலிக்கிறது என்றால், "குதிரைக்கு வலிக்காதாக்கும்?" என்பீர்கள். பட்டாளத்தில் இருந்தவர், நடந்தே பழகிவிட்டார் என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் உலகப் போரில் படை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டராகப் பஸ்ராவுக்குக் கப்பலேறினீர்கள். துருக்கியர்களிடம் இரண்டு வருடத்துக்கு மேல் கைதியாக இருந்தீர்கள். திரும்பி வந்து தென்காசியில் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கினீர்கள். வீட்டுக்குத் தெரிந்த சரித்திரம் இவ்வளவுதான். ஐந்தருவியில் குளித்துவிட்டுத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தபோது ஒருமுறை கேட்டேன், கைதி என்றால் என்ன செய்வார்கள் என்று. "நடக்க வைப்பான். விழுந்தவனை விட்டுட்டு மத்தவன் நடக்கணும்," என்றீர்கள். கொஞ்சம் பொறுத்து, "பசிச்சவன்கிட்ட நியாயம் பேசப்படாதுலே," என்று சொல்லி நிறுத்திக்கொண்டீர்கள்.

நம்முடையது முட்டை வாசம்கூட அறியாத சைவ வீடு. எந்தக் கல்யாணத்திலும் நீங்கள் பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாம்பார் வாளியோடு நிற்பீர்கள். எல்லோரும் எழுந்தபின் சமையற்கட்டுக்குப் பின்னால் தனியாக ஓர் இலை போட்டுக்கொள்வீர்கள். "பரிமாறுததுக்கு அண்ணாச்சி மாதிரி ஆளுண்டா?" என்று மெச்சுவார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் என் கல்யாணம். பெண் வாசுதேவநல்லூர். மறுவீட்டு விருந்தில் பெண் வீட்டார் தேங்காய்ப்பால் சொதி வைத்துச் சோறு போடுவதும், மாப்பிள்ளைக்குப் பக்கத்து இலையில் அவன் வீட்டு மூத்தவர் உட்காருவதும் நம்மவர் வழக்கம். அங்கே நீங்கள் விருந்தாளி, கையில் வாளி கிடைக்காது. என் மாமனார் உங்கள் கையைப் பிடித்து அழைத்தார். "வயிறு சரியில்ல, நீங்க நடத்துங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டீர்கள். என் பக்கத்து இலை காலியாகக் கிடந்தது. மாமனார் முகம் சுண்டிப்போயிற்று. "எங்க வீட்டு இலையில உக்கார மனசு வரலியோ என்னவோ," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சண்டைக்கு நின்றேன். "எதுல குறை கண்டீங்க? பொண்ணுலயா, சோத்துலயா?"

"ஒரு குறையும் இல்லய்யா," என்றீர்கள்.

நான் நம்பவில்லை. அன்றோடு உங்களிடம் பேச்சை நிறுத்தினேன். ஒரே வீட்டில் பதினோரு மாதம் அப்படி இருந்தோம். பிறகு நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் டிரங்குப் பெட்டியில் பட்டாளத்து டிஸ்சார்ஜ் காகிதம் இருந்தது. பேசாமல் விட்ட மனிதரைக் காகிதத்திலாவது பிடித்துவிடலாம் என்று ராணுவ அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். உங்கள் படைப்பிரிவு, பிடிபட்ட நாள், விடுதலையான நாள் என்று மூன்று வரியில் பதில் வந்தது. அதில் நீங்கள் இல்லை. அப்புறம்தான் சுரண்டையிலிருந்து ஒரு கார்டு வந்தது. பஸ்ராவில் உங்களோடு இருந்து, காயம்பட்டவர்களை டோலியில் தூக்கிய கிறிஸ்தவர் ஒருவர் உங்கள் சாவுச் செய்தியைத் தாமதமாகக் கேள்விப்பட்டு எழுதியிருந்தார். மறுநாளே பஸ் ஏறினேன்.

"உங்ககிட்ட சொல்லவே இல்லியா?" என்றுதான் அவர் தொடங்கினார். "பஸ்ராவுக்கு வடக்க நாங்க இருந்த ஊரைத் துருக்கிக்காரன் அஞ்சு மாசம் வளைச்சுக்கிட்டான் தம்பி. தானியம் தீந்துபோச்சு. வண்டிக் குதிரைய அடிச்சு ஆளுக்குக் கொஞ்சம் குடுத்தாங்க. நம்ம பக்கத்துப் பயலுவ ஏழு பேரு திங்க மாட்டோம்னுட்டானுவ. படுத்தவன் எந்திரிக்கல. நான் வேதக்காரன், நான் தின்னா அவனுவளுக்கு என்ன? அண்ணாச்சி போயி, மருந்துன்னு நெனச்சுத் தின்னுங்கலேன்னாரு. நீரு சைவப்பிள்ளை, நீரு தின்பீரான்னு ஒருத்தன் கேட்டான். அவனுவ நடுவுல சம்மணம் போட்டு உக்காந்து எடுத்துத் தின்னாரு. வாந்தி வந்துது. வாயத் தொடச்சுக்கிட்டு மறுபடியும் தின்னாரு. அதுக்குப் பொறவுதான் அவனுவ கை வச்சானுவ."

ஊருக்கு வந்தபின் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"நான் தின்னது தெரியாம எவனும் என் பக்கத்துல உக்காந்து சாப்பிடப்படாதும்பாரு. சொன்னா வீட்டுக்குத் தலைகுனிவு, சொல்லாம உக்காந்தா துரோகம்னு நெனச்சாரு. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

ஜட்காவில் ஏறாததும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன் தாத்தா.

அங்கிருந்து நேரே வாசுதேவநல்லூர் போனேன். என் மாமனார் பூஜை முடியாமல் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாதவர். என்ன சொல்வாரோ என்ற பயத்தோடுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தப் பயலுவ பொழைச்சானுவளா?" என்று கேட்டார்.

"அஞ்சு பேர் ஊர் வந்து சேர்ந்தாங்களாம்."

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "அவரு பக்கத்துல உக்கார எனக்குல்லா தகுதி வேணும், மாப்பிள்ளை," என்றார்.

அது உங்களுக்குச் சேர வேண்டிய வார்த்தை. இத்தனை வருடமாக என்னிடம் கிடக்கிறது. நீங்கள் அவரிடம் உள்ளதைச் சொல்லி, இதை உங்கள் காதாலேயே கேட்டிருக்க ஒரு நாள் வாய்த்தது, தாத்தா. மறுவீடு முடிந்த அடுத்த மாதம் மனத்தாங்கலைப் பேசித் தீர்த்துக்கொள்ள என் மாமனாரே நம் வீட்டு வாசலுக்கு வந்தார். "தாத்தா தூங்குதாங்க," என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவர் தெரு முனை தாண்டியதும் உள்ளே வந்தேன். நீங்கள் சலவைச் சட்டையை எடுத்துப் போட்டு, பொத்தானெல்லாம் மாட்டி, அவர் உள்ளே வருவார் என்று நின்றுகொண்டிருந்தீர்கள்.