முதல் பட்டதாரி

வைகாசி 26, திங்கள்

தங்கச்சி இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்ய வேண்டும். முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் கல்லூரிக் கட்டணத்தில் சலுகை உண்டு. அதை வாங்க அம்மாவும் நாங்கள் இருவரும் இன்று அரூர் தாலுகா அலுவலகம் போனோம். அரசு கலைக் கல்லூரியில் படித்த நான் அந்தச் சலுகையைத் தொட்டதே இல்லை. அதனால் அவளுக்குக் கிடைத்துவிடும் என்று நம்பியிருந்தேன்.

"வூட்ல வேற யாராச்சும் டிகிரி முடிச்சிருக்காங்களாம்மா?" என்று அலுவலர் கேட்டார்.

பின்னால் நின்ற என்னை அம்மா தோளைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இதோ நிக்கறாளே சார், எம் பெரிய பொண்ணு! பி.எஸ்சி. கணக்குங்க!"

"அப்ப சின்ன பொண்ணுக்குத் தர முடியாதும்மா. வூட்ல முதல்ல படிச்சவங்களுக்குத்தான் இது."

அம்மாவின் கை என் தோளிலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டாள்.

என் பட்டத்தால் எனக்குக் கிடைத்தது தருமபுரி ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை. திரும்பும்போது பஸ்ஸில் தங்கச்சி மெதுவாகக் கேட்டாள்.

"உங்க கடையில ஆள் எடுக்கறாங்களாக்கா?"

கடை வாசலில் ஒரு வாரமாக போர்டு தொங்குகிறது. பில் போட ஆள் தேவை, பன்னிரண்டாம் வகுப்பு போதும் என்று எழுதியிருக்கிறது.

இல்லை என்று சொல்லிவிட்டேன்.