மூன்றாவது குடம்

மார்ச் 3, 2025

இல்லை, பொறாமை என்று சொல்ல முடியாது. சுருதி பற்றிய கவலை. அவ்வளவுதான்.

அருப்புக்கோட்டையிலுள்ள எங்கள் பாத்திரக்கடையில் குடம் வாங்க வருகிறவர்களுக்குக் கீறல் இல்லை என்று காட்ட, கரண்டிக் காம்பால் ஒரு தட்டு தட்டுவோம். அண்ணன் மனைவி தங்கச்செல்வி ஒரு தட்டோடு நிறுத்துவதில்லை. சிறிதும் பெரிதுமாய் ஏழு பித்தளைக் குடங்களை வரிசையாக வைத்து ஒரு பாட்டையே தட்டுவாள். நடுவில் அதே மெட்டில், "அக்கா, பேரம் பேசாதீக." காரியாபட்டியிலிருந்து வந்த யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

ஒன்பது லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

மார்ச் 4

என் வயலின் வீடியோ: அறுபத்து மூன்று. அதில் இருபது தடவை நானே.

மார்ச் 9

வயலின் பதினோரு வருஷம். மதுரையில் இசை முதுகலை. மதினி பத்தாம் வகுப்பு. இதை எதற்கு எழுதுகிறேன்?

அவளோடு செல்ஃபி எடுக்க வந்த ஒரு அம்மாள் என்னிடம் கேட்டாள்: "நீங்க இவுக நாத்தனாரா? உங்களுக்கு இதெல்லாம் வராதோ?"

"வராது" என்றேன்.

பொறாமைதான். சரி.

மார்ச் 14

அண்ணன் மூன்றாவது குடத்தை விற்றுவிட்டான். வீடியோவில் பார்த்த அதே குடம் வேண்டும் என்று யாரோ கேட்டார்களாம்.

"ஏங்க, வார வெள்ளிக்கிழமை பரளச்சி பங்குனிப் பொங்கல்ல மேடை ஏறணும். இப்பப் போயா விப்பீக?"

"அதே அளவுல கிட்டங்கியில நாப்பது கிடக்கு. ஒண்ண எடுத்துக்க."

"நாப்பதும் ஒண்ணுபோலவா பேசும்?"

அண்ணனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அதுதான் எரிகிறது.

மார்ச் 15

சரக்கு வைக்கும் கிட்டங்கிக்கு என்னைத்தான் கூட்டிப்போனாள். "நீ படிச்சவ சுபத்ரா. நீ சொல்றதுதான்."

நாற்பதையும் தட்டினோம். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று அச்சாக அதே சுரம். மற்றது ஒரு நூல் இறங்கியிருந்தது. சுரம் கூடிய குடத்தைத் தண்ணீர் ஊற்றி இறக்கலாம். இறங்கியதை ஏற்ற வழியில்லை. எனக்குத் தெரியும் — அவளுக்குத் தெரியாது.

"எனக்கு அதுதான்னு தோணுது" என்று சரியானதைக் காட்டினாள்.

"இல்ல மதினி. இது."

இறங்கியதைக் கொடுத்தேன்.

மார்ச் 18

அடுக்களையில் ஒத்திகை. மூன்றாவதில் வந்து வந்து நிற்கிறாள். திரும்பத் தட்டுகிறாள்.

"எனக்குத்தான் காது மந்தமாயிருச்சு போல."

ஏண்டி சுபத்ரா — ஏண்டி இப்படிச் செஞ்ச? குடத்தோடயா போச்சு? அவ காதையே அவ நம்பலையே.

மார்ச் 19

சொல்லவில்லை.

மார்ச் 20

மதினி அண்ணனிடம்: "மேடையெல்லாம் வேணாங்க. சுருதி தெரியாம தட்டிட்டுக் கெடந்திருக்கேன் இத்தன நாளும்."

"வாக்குக் குடுத்தாச்சு. ஏறித்தான் ஆகணும்."

மார்ச் 21

அவர்கள் கிளம்பிப் போன பிறகு கிட்டங்கியைத் திறந்தேன். சரியான குடத்தை மடியில் வைத்துக்கொண்டு பரளச்சி பஸ்ஸில் போனேன்.

மேடைக்குப் பின்னால் மதினி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இதுதான் சரியானது. அன்னைக்குத் தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினாள். மறுபடியும்.

"அப்ப என் காது நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

இறங்கியதை என் பக்கம் தள்ளிவிட்டு, சரியானதை எடுத்துக்கொண்டு மேடை ஏறினாள்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்று முதல் பாட்டைக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. பொறாமை குறையவில்லை. பாட்டு முடிந்ததும் இறங்கிய குடத்தைத் தூக்கிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.