மூன்று குல்ஹு ஓதும் நேரம்

சாய்ந்தமருது
14.10.1981

என் அன்பின் மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஜுனைதா எழுதிக்கொள்வது. நானும் மகள் நஸீறாவும் உம்மாவும் அல்லாஹ்வின் உதவியால் சுகம். கடல் கடந்து தம்மாமில் நீங்களும் உங்கள் லொறியும் சுகமாயிருக்க ஐந்து வேளையும் துஆக் கேட்கிறேன். இங்கே சுகமில்லாமல் கிடப்பது உங்கள் கார் ஒன்றுதான்.

கார் கரும்புகை கக்குகிறது என்று ஆவணியில் எழுதினேன். பில்டரை மாற்றச் சொல்லி நீங்கள் எழுதிய பதில் நேற்றுத்தான் வந்து சேர்ந்தது. மச்சான், புகை நின்று எத்தனையோ நாளாகிவிட்டது. கார் ஸ்டாட் ஆனால்தானே புகை வரும்?

இப்போது வேறு நோய். இரவு நல்லபடியாக நிறுத்திய கார் காலையில் எழும்பாது. டிரைவர் மஜீட் சாவியைத் திருகத் திருக, காசநோய்க்காரன் மாதிரி இருமிவிட்டு ஓய்ந்துபோகும். பிறகு தள்ளத்தான் வேண்டும். முதல் கொஞ்ச நாள் சுபஹுத் தொழுதுவிட்டு வருகிறவர்கள் சலவாத்துச் சொல்லித் தள்ளிக் கொடுத்தார்கள். இப்போது அவர்கள் பள்ளிவாசலின் பின் வாசலால் இறங்கிக் கடற்கரையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்களாம். நம் காருக்குப் பயந்து ஊர் வழியை மாற்றிவிட்டது. உம்மா வெட்கத்தில் வாசல் பக்கமே போவதில்லை.

பண்டாரவளையில் தோட்டத்துத் துரை பூப்போல வைத்திருந்த கார் என்று சொல்லித்தானே நீங்களும் உங்கள் கூடப்பிறந்த காக்கா அச்சிமுகம்மதும் இதை வாங்கி வந்தீர்கள். துரைக்கென்ன? மலையில் நின்றால் உருட்டிவிட்டு ஸ்டாட் பண்ணிக்கொள்ளலாம். சாய்ந்தமருதில் எங்கே மலை இருக்கிறது? இங்கே உருட்டினால் மணலில் புதையும், இன்னும் உருட்டினால் கடலுக்குள் போகும்.

கோபத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். ஓம், கோபம்தான். லீவு முடிந்து மட்டக்களப்பு ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. கார் வாடகைக்கு ஓடி வீட்டுச் செலவைப் பார்த்துக்கொண்டால், மாசிக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுவேன், திரும்பவும் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றீர்கள். அன்றிலிருந்து இந்தக் கார் இருமினால், நீங்கள் வரும் நாள் தள்ளிப்போகிறது என்றுதான் எனக்குக் கேட்கிறது.

நஸீறா பள்ளிக்கூடத்தில், வாப்பா வந்துவிட்டார், எங்கட வாசல் முத்தத்தில நிக்கிறார் என்று சொல்லித் திரிகிறாளாம். அவள் சொல்வது காரைத்தான். டீச்சர் உம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிள்ளை தை நடுவில் பிறக்கும் என்று மருத்துவிச்சி சொல்கிறா. கால் வீக்கம் பரவாயில்லை. காருக்கு என்ன செய்வதென்று உடனே எழுதுங்கள்.

இப்படிக்கு
உங்கள் ஜுனைதா


சாய்ந்தமருது
20.11.1981

என் அன்பின் மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் காரைதீவு கராஜிலிருந்து தம்பிமுத்து அண்ணன் வந்து பார்த்தார். டீசல் குழாய் எங்கேயோ காற்று இழுக்கிறது என்றார். ஒரு வாஷரை மாற்றி, பம்பைக் கையால் அமத்தி அமத்தி, நுரை நிற்கும்வரை காற்றை வெளியே எடுத்தார். நான் குசினி யன்னலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஒரே திருகில் எழும்பியது. இரண்டு ரக்அத் தொழுது அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

தொழுத பாயைச் சுருட்டி வைப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது. முதலில் ஸ்டாட் ஆகாத கார், இப்போது நிற்காதாம். டீசல் கார் சாவியைத் திருப்பினால் நிற்காது, உள்ளே ஒரு குமிழை இழுத்துத்தான் நிறுத்தவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் குமிழின் கம்பி அறுந்துவிட்டது. அறுவதற்கு அதற்குக் கிடைத்த நாளைப் பாருங்கள், மருதமுனைக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போன நாள்!

உங்கள் காக்கா காரைச் சோடிக்கிறேன் என்று கலர் பல்பு மாலை சுற்றி, அதற்கு எங்கேயோ ஒரு வயரைப் பிடுங்கிக் கரண்ட் கொடுத்திருந்தார். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளை இறங்கினார். மஜீட் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். கார் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நிக்காஹ் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளை சொன்ன சம்மதம் பெண்ணின் வாப்பாவுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள், அதுவும் கேட்கவில்லை. மூன்றாம் தரம் மாப்பிள்ளை போட்ட சத்தத்தில், பொடியன் கோபக்காரன் போலக் கிடக்கே என்று பெண் வீட்டார் பயந்துபோனார்களாம். கடைசியில் மஜீட் பிரேக்கை மிதித்துக் கியரைப் போட்டு இஞ்சினை அமத்தியிருக்கிறான். கார் ஒரு பாய்ச்சல் பாய்ந்து பந்தல் வாழையைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது.

இனி யார் கல்யாணத்துக்கு நம்மைக் கூப்பிடப்போகிறார்கள்? காக்காவிடம் சொல்லி அழுதால் அவர் சிரிக்கிறார். பழைய கார் எண்டா அப்பிடித்தான்கா, கொஞ்சம் பழக்கி எடுக்கணும் என்கிறார். இது என்ன மாடா பழக்கி எடுக்க?

தம்பிமுத்து அண்ணன் இப்போதைக்கு மீன் பிடிக்கிற தங்கூசி நூலைக் கட்டி, நுனியில் ஒரு காற்சட்டைப் பொத்தானைக் கோத்துவிட்டிருக்கிறார். பொத்தானை இழுத்தால் இஞ்சின் நிற்கிறது. மாரி மழை தொடங்கிவிட்டது. எனக்கு நடக்க மூச்சு வாங்குகிறது. வேறு விசேஷமில்லை.

உங்கள் ஜுனைதா


சாய்ந்தமருது
16.12.1981

மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் கார். கடைசி அரைப் பக்கத்தில், இந்தக் காரை நம்பி வர முடியாது போலிருக்கிறது, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டுப் புதுக் காராகவே வாங்கலாம் என்று யோசிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்துவிட்டுக் கடிதத்தை அடுப்பில் போடத்தான் எழும்பினேன். உம்மா பறித்து வைத்துக்கொண்டா.

காரில் உள்ள பழுதை எழுதினால் நீங்கள் வரமாட்டீர்கள். எழுதாவிட்டால் பழுது தீராது, அப்போதும் வரமாட்டீர்கள். நான் என்னதான் செய்ய? கார் குதிரை மாதிரி ஓடுகிறது என்று பொய் எழுதியிருக்கவேண்டும் என்று இப்போது படுகிறது. அப்படி எழுத எனக்கு வரவில்லையே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நஸீறாவுக்குக் காய்ச்சல் என்று எழுதினால், காய்ச்சல் மாறி அவள் ஓடி விளையாடும்போது மருந்தின் பெயர் வருகிறது. நான் அழுது எழுதினால், அழுது முடித்து மறந்தபிறகு அழாதே என்று வருகிறது. இப்படியே எத்தனை காலம் மச்சான், போன மாத நோய்க்கு இந்த மாதம் மருந்து குடிக்கிறது?

ஆனால் ஒன்று, இந்த முறை மட்டும் உங்கள் பதில் நேரத்துக்கு வந்தது. அதுவும் தவறிப்போய். ஐப்பசியில் ஸ்டாட் ஆகாததற்கு நீங்கள் ஹீட்டரைப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். அப்போது பழுது ஹீட்டரில் இல்லை, காற்றில். கல்யாணம் முடிந்து, போன கடிதத்தை நான் தபாலில் போட்ட அடுத்த நாளிலிருந்து கார் மறுபடியும் எழும்பவில்லை. மழை வேறு. தம்பிமுத்து அண்ணன் காற்றெடுத்துக் காற்றெடுத்துக் களைத்துப் போனார். அந்த நேரம்தான் உங்கள் கடிதம் வந்தது. ஹீட்டர் குமிழை இழுத்துப் பிடித்தால் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கம்பிச்சுருள் சிவக்கவேண்டும் என்று எழுதியிருந்ததை யன்னலுக்குள் நின்று சத்தமாக வாசித்தேன். அவர் இழுத்துப் பார்த்தார். சிவக்கவில்லை. பொனட்டைத் திறந்தவர், ஆரு பிள்ள இந்த வயரக் கழட்டின என்று கத்தினார்.

வேறு யார்? காக்காதான். கலர் பல்புக்குப் பிடுங்கிய வயர் அதுதான். கேட்டால், பண்டாரவளைக் குளிருக்கு வெச்ச சாமான், நம்மட வெயிலுக்கு ஹீட்டர் என்னத்துக்கு, முட்ட பொரிக்கவா என்கிறார். டீசல் இஞ்சினுக்கு வெயில் காணாது, உள்ளே சூடு ஏறினால்தான் பற்றும் என்று தம்பிமுத்து அண்ணன் அவருக்கு விளக்கம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

வயரைப் பூட்டியாகிவிட்டது. ஆனாலும் மஜீட் கையில் பாதி நாள் எழும்புவதில்லை. ஏனென்று யன்னலுக்குப் பின்னால் நின்று நான் கண்டுபிடித்துவிட்டேன். கம்பி நன்றாகச் சிவக்க, நாலே வசனமுள்ள குல்ஹு சூராவை ஆறுதலாக, அவசரமில்லாமல் மூன்று முறை ஓதும் நேரம் எடுக்கிறது. அவன் ஒரு குல்ஹுவின் பாதியிலேயே திருகிவிடுகிறான். சொன்னால், கம்பி செவந்திட்டு ராத்தா என்கிறான். அவசரக் குடுக்கை.

முந்தாநாள் மத்தியானம், லுஹர் தொழுகை நேரம். வீட்டு வளவில் ஆம்பிளைகள் யாருமில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, இந்த வயிற்றையும் தள்ளிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினேன். ஹீட்டர் குமிழைப் பிடித்து மூன்று குல்ஹு ஓதிவிட்டுத் திருகினேன். ஒரே திருகு! பயந்துபோய்ப் பொத்தானை இழுத்து நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்துவிட்டேன். உங்களுக்கு மட்டும்தான் சொல்கிறேன். உம்மாவுக்குத் தெரிந்தால் கொன்றுபோடுவா.

கையெழுத்து வைத்துவிடாதீர்கள்.

ஜுனைதா


சாய்ந்தமருது
31.01.1982

என் உயிரிலும் மேலான மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பிள்ளை கிடைத்த செய்தி தந்தியில் வந்திருக்கும். தந்தியில் எழுதாததை இதில் எழுதுகிறேன்.

விடியப்புறம் பள்ளிவாசலில் சுபஹு வாங்கு சொல்லும்போது வலி தொடங்கியது. மருத்துவிச்சி வந்து கை வைத்துப் பார்த்துவிட்டு முகம் மாறிப்போனா. பிள்ள குறுக்க கெடக்கு, வீட்டுல வெச்சிரிக்க ஏலா, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்க என்றா. வெளியே மழை ஊற்றுகிறது. தெருவுக்குப் போகும் ஒழுங்கை முழுக்க முழங்கால் தண்ணீர், தள்ளுவதற்கும் வழியில்லை, ஆளுமில்லை. மஜீட் சாவியைத் திருகினான். இருமியது. மறுபடி திருகினான். மறுபடியும் இருமல். யா அல்லாஹ் யா அல்லாஹ் என்று திருகிக்கொண்டே இருக்கிறான். இன்னும் நாலு திருகு திருகினால் பெட்டரியும் செத்துவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அங்கிட்டு இறங்குடா என்று கத்தினேன். உம்மா தடுத்தா, மருத்துவிச்சி தடுத்தா. நான் ஏறிக் குந்திவிட்டேன். குமிழைப் பிடித்தேன். முதல் குல்ஹு ஓதி முடிந்தது. இரண்டாவதில் ஒரு வலி வந்தது, ஸ்டேரிங்கைக் கடித்துக்கொண்டு கிடந்தேன், குமிழை விடவில்லை. விட்ட இடத்திலிருந்து ஓதினேன். மூன்றாவதையும் ஓதி முடித்துத்தான் திருகினேன். மச்சான், ஒரே திருகில் எழும்பியது. பிறகு பின் சீட்டுக்குப் போய் விழுந்துவிட்டேன். கல்முனை ஆசுபத்திரிக்குப் போய்ச் சேரும்வரை நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை என்று டாக்டர் உம்மாவிடம் சொல்லியிருக்கிறார். ஒப்பரேசன் செய்துதான் எடுத்தார்கள். எனக்குத் தையல் இன்னும் வலிக்கிறது. எழுந்து உட்கார்ந்து எழுத இன்றைக்குத்தான் முடிந்தது.

உங்கள் காக்கா வந்து பிள்ளையின் காதில் வாங்கு சொன்னார். நீங்கள் சொல்லவேண்டிய வாங்கு. அந்த நேரம் மட்டும் அவரும் பகிடி எதுவும் விடவில்லை, கண் கலங்கியிருந்தது.

பெண் பிள்ளை. உம்மா கையில் வாங்கியதும் சொன்ன முதல் கதை, இன்னொரு ஊடும் கட்டணுமேகா என்பதுதான். நம் ஊரில் பெண் பிறந்தால் வாப்பாமார் வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம் செய்து வைக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தந்தியைப் பார்த்ததும் உங்கள் மனதிலும் அந்த வீடுதான் வந்திருக்கும். இரண்டு பெண், இரண்டு வீடு, இன்னும் இரண்டு வருடம், அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வருடம். நீங்கள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் நஸீறாவுக்கு உங்கள் முகம் மறந்துவிடும். இவளுக்கு மறப்பதற்கும் ஒன்றுமிருக்காது. வளவு பெரியது மச்சான். அந்தப் பக்கம் தென்னங்கிடுகால் வேய்ந்து தொடங்கினாலும் போதும். அவள் இன்னும் கண்ணே சரியாகத் திறக்கவில்லை.

கார் இப்போது ஓடுகிறது. மஜீட்டையும் குல்ஹு ஓதப் பழக்கிவிட்டேன். சொறிக்கல்முனை அறுவடைக்காரர்களும் மருதமுனை நெசவுக்காரர்களும் வாடகைக்குக் கேட்டு வருகிறார்கள். அந்தக் கல்யாண வீட்டார்கூட வந்தார்கள். சின்னச் சின்னப் பழுது இருக்கிறது, பின் கதவு உள்ளிருந்து திறக்காது, மழை வந்தால் வைப்பர் ஒன்றுதான் ஆடும். அதையெல்லாம் நான் எழுதமாட்டேன், நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள். கார் ஓடினால் வருவேன் என்றீர்கள். ஓட வைத்துவிட்டேன்.

பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. எல்லோரும் ஏசுகிறார்கள். நான் வைக்கவிடவில்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். கம்பெனிக்காரன் அந்த ஒப்பந்தப் பேப்பரை உங்கள் முன்னால் வைக்கும்போது, பேனாவைத் திறப்பதற்கு முன் மூன்று குல்ஹு ஓதுங்கள். மஜீட் மாதிரிப் பாதியில் விட்டுவிடாமல், மூன்றையும் ஆறுதலாக, முழுவதும் ஓதுங்கள். அதற்குப் பிறகும் கை போனால் கையெழுத்து வையுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

கை போகாவிட்டால் தந்தி அடியுங்கள். மட்டக்களப்பு ஸ்டேஷனுக்குக் கார் வரும். காலையில் நானே ஸ்டாட் பண்ணி அனுப்புவேன்.

அல்லாஹ் உங்களை எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பானாக.

வஸ்ஸலாம்
உங்கள் ஜுனைதா
நஸீறா
பெயர் வைக்காத மகள்