வறுத்த குரக்கனும் வலை ஈயமும்

நேற்றுப் பின்னேரம் கடைத்தெருவில் புதிதாகத் திறந்திருக்கும் துணிக்கடை ஒன்றுக்குள் போனேன். கண்ணாடி அலுமாரிக்குள் பிரேசியர்கள், படம் போட்ட பெட்டிகளில், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. வெள்ளை, கறுப்பு, தோல் நிறம், ஓரத்தில் ரேந்தை வைத்தது, வைக்காதது. இப்போது எல்லாச் சாமானும் கப்பலில் வருகிறது. விற்க நின்றது ஒரு பெண்பிள்ளை. நீர் இருந்திருந்தால் அந்த அலுமாரிக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கடை பூட்டும்வரை எழும்பியிருக்க மாட்டீர். நானும் சும்மா புதினம் பார்க்கத்தான் போனேன். அந்தப் பிள்ளை கிட்ட வந்து, "ரீச்சர், உங்கட அளவு என்ன?" என்று கேட்டாள்.

நான் திருதிருவென்று முழித்தேன். இத்தனை வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். ஒரு கம்பியைக் காட்டினால் அதன் தடிப்பைக் கண்ணாலேயே சொல்லுவேன். என்னுடைய மார்பின் அளவு எனக்குத் தெரியவில்லை. அது உமக்குத்தான் தெரியும். "பிறகு வாறன் பிள்ளை," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து அளவுநாடாவைத் தேடி, பொத்தான்கள் போட்டு வைக்கும் பிஸ்கட் டின்னைக் கிண்டினேன். அடியில் ஒரு சின்னத் துணிமுடிச்சு கையில் தட்டுப்பட்டது. அவிழ்த்துப் பார்த்தால், சல்லிக் கரையில் இருந்து மீன் கொண்டுவருபவர் தந்த ஈயக்குண்டுகள். துணியில் இன்னமும் வறுத்த குரக்கன் வாசம் இருந்தது. உண்மையாகவே இருக்கிறதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று திரும்பவும் முகர்ந்து பார்த்தேன். இருந்தது. இருட்டும்வரை நாடாவைத் தேடவில்லை. இன்று உமக்கு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தையல் படிப்பிக்க எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் கிழமையே நீர் என்னிடம் வம்புக்கு வந்தீர். ஆசிரியர் அறையில் நாங்கள் இருவர் மட்டுந்தான் இருந்தோம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குறை நினைக்காதேயும் ரீச்சர். நீர் ஒரு இடத்தில நிக்கிறீர், உம்மட சட்டை இன்னொரு இடத்தில நிக்குது," என்றீர். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "உம்மட கதை மட்டும் என்னவாம்? கொக்கி தெறிச்சிடும் எண்ட பயத்தில நீர் மூச்சு விடுறதே இல்லை," என்று திருப்பிக் கொடுத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர் என்று எதிர்பார்த்தேன். நீரோ சிரித்தீர். சிரித்த சிரிப்பில் ஒரு கொக்கி உண்மையாகவே தெறித்து மேசைக்குக் கீழே ஓடியது. இருவரும் குனிந்து அதைத் தேடினோம்.

தேடும்போதுதான் விசயம் வெளியே வந்தது. இருவரும் ஒரே கடையில் ஒரே முதலாளியிடம்தான் வாங்குகிறோம். அந்த நாளில் பிரேசியர் என்ற சொல்லை எந்தப் பெண்ணும் கடையில் வாய் திறந்து சொல்லமாட்டாள். "உள்ளுக்குப் போடுறது" என்பாள். முதலாளி நல்ல மனுசன், கண்ணை உயர்த்தமாட்டார். பிறகு அளவை எப்படிக் கேட்பது? அதற்கு அவர் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தார். கழுத்தில் தாலி தெரிந்தால் பெரியது, தெரியாவிட்டால் சின்னது. பேப்பரில் சுற்றி நூலால் கட்டி, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டுவார். எனக்குத் தாலி இருந்தது, மார்பு இல்லை. உமக்கு மார்பு இருந்தது, தாலி இல்லை. ஊரில் எத்தனை பேர் இப்படி அந்த மனுசனுடைய கணக்குக்குள் அகப்பட்டு நெளிந்தார்களோ, எனக்குத் தெரியாது. வெட்கத்தில் ஒருவரும் மாற்றித் தரச்சொல்லிக் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை பாலையூற்றில் உம்முடைய வாடகை அறைக்கு நான் என் பார்சலோடு வந்தேன். நீர் உம்முடைய பார்சலை எடுத்தீர். மாற்றிக்கொண்டோம். அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. தாலியைச் சேலைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு நான் போய் உமக்கு வாங்குவேன். வெறுங்கழுத்தோடு நீர் போய் எனக்கு வாங்குவீர். அளவு எழுதிய துண்டு முதுகைக் கடிக்கும் என்று அதை வெட்டிவிட்டுத்தான் என் கையில் தருவீர். அதனால்தான் நேற்று அந்தப் பிள்ளைக்கு முன்னால் நான் அளவு தெரியாமல் முழித்தேன்.

எனக்கு எதையும் ஏன் என்று கேட்டாகவேண்டும். உமக்கு அது பிடித்திருந்தது. சின்ன மார்புக்காரிக்கு ஏன் தோளடியில் சுருக்கு வைக்கிறீர் என்று கேட்டால், "துணி அங்க கொஞ்சம் பொம்மி நிக்கும், கண் அதைத்தான் பார்க்கும்," என்பீர். எனக்குக் கஞ்சி போட்ட பருத்திச் சேலையும் அகலக் கழுத்தும் விதித்தீர். உமக்கு நீரே விதித்துக்கொண்டது மெல்லிய வொயில், ஒரே நிறம், கூர்க்கழுத்து, மார்புக்குக் கீழே நீளமாகப் பிடித்த மடிப்பு. மார்புக்குக் கீழே ஒருமுறையும் மேலே ஒருமுறையும் நாடாவைப் பிடிக்கவேண்டும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கிண்ணத்தின் அளவு என்று காட்டித் தந்தீர். பெரிய மார்புக்காரர் எல்லாரும் தோள்பட்டியை இறுக்கி இறுக்கித் தோளில் தழும்பு வைத்திருப்பதைப் பார்த்து உமக்குப் பற்றிக்கொண்டு வரும். "பாரத்தைத் தோளில தூக்காதேயுங்கோ, விலாவில தூக்குங்கோ," என்று ஆசிரியர் அறையில் ஒவ்வொருவருக்கும் ஓதுவீர். கீழ்ப்பட்டி சரியாக இருந்தால் தோள்பட்டி சும்மா கிடந்தால் போதும் என்பது உம்முடைய கட்சி. நான் அதைக் கடதாசியில் கோடு கீறிச் சரிபார்த்தேன். நீர் சொன்னது சரிதான்.

பிறகு இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் வந்தது. கப்பல் சாமான் நின்றது. கடையில் பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. பழைய பிரேசியரின் கொக்கியையும் இலாஸ்டிக்கையும் கழற்றி, உள்ளூர்த் துணியில் நீர் இருவருக்கும் தைத்தீர். அந்தக் காலத்தில்தான் உமக்கு வலது பக்கத்தில் கட்டி வந்தது. கொழும்புக்குப் போய் அந்த மார்பை எடுத்துவிட்டு வந்தீர்.

வந்த பிறகு நீர் கதவைத் திறக்கவே மாட்டீர் என்றானது. நான் வந்தால் மட்டும் கொண்டியை நீக்குவீர், அதுவும் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு. உம்முடைய அண்ணர் மட்டக்களப்பில் இருந்து சொல்லி அனுப்பியிருந்தார்: லீவு முடிய முதல் வேலைக்குத் திரும்ப ஏலாவிட்டால் வேலையை விட்டுவிட்டுத் தன் வீட்டோடு வந்து இருக்கட்டும் என்று. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் நீர் சம்பாதித்து, நீரே வாடகை கொடுத்து, நீர் நினைத்த நேரத்தில் தேத்தண்ணி வைத்த அறை அது.

"அங்க போனால் அண்ணியின்ர குசினியில ஒரு மூலை. இங்க இருந்தால் நாற்பது பிள்ளையளுக்கு முன்னால ஒரு பக்கம் சரிஞ்சு நிக்கோணும். எது மேல், சொல்லும்," என்றீர்.

"ஏன் சரிஞ்சு நிக்கோணும்? அந்தப் பக்கத்துக்கு ஒண்டு செய்வம்," என்றேன்.

"எதால?"

எனக்கு அப்போது தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, ஊருக்கு வந்த பிறகு முதன்முறையாக நீர் போர்வையை விட்டீர்.

முதலில் பஞ்சு வைத்துப் பார்த்தோம். வடிவாக இருந்தது. கையை உயர்த்தினீர், பஞ்சு கழுத்தடிக்கு ஏறிவிட்டது. கடற்கரை மணலைக் கழுவிக் காயவைத்துப் பையில் கட்டினோம். அது பட்டியை இழுத்துக்கொண்டு வயிற்றுக்கு இறங்கியது. கூடுதலும் சரியில்லை, குறைவும் சரியில்லை என்றால் அளவுதான் என்ன? மற்றப் பக்கம் எவ்வளவு பாரம் என்று தெரிந்தாலல்லவா அந்தப் பக்கத்துக்கு அதே பாரத்தை வைக்கலாம்?

அந்த யோசனை வந்தவுடன் நான் எழும்பி நின்றுவிட்டேன். உடம்பு ஏறக்குறைய தண்ணீரின் பாரந்தான். உம்முடைய குளியலறையில் பேசின் முட்டத் தண்ணீர் நிரப்பி, கீழே தாம்பாளம் வைத்தேன். "குனியும்," என்றேன். "உமக்குப் பைத்தியம் பிடிச்சிட்டுது," என்று சொல்லிக்கொண்டே குனிந்து மற்ற மார்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினீர். வழிந்த தண்ணீரைப் போத்தலில் ஊற்றிக்கொண்டுபோய் ஆய்வுகூடத் தராசில் நிறுத்தேன். தண்ணீரை எதற்கு நிறுக்கிறேன் என்று அதிபர் கேட்டார். பத்தாம் வகுப்புக்கு என்றேன்.

பாரம் தெரிந்தது. இனி எதை நிரப்புவது? அரிசி குத்தியது. பயறு உருண்டு ஓடியது. கடுகு போலச் சின்ன மணியான குரக்கன்தான் கைக்கு அடங்கியது. அமத்தினால் அமர்ந்து, விட்டால் பழையபடி வந்தது. மெல்லிய துணியில் பை தைத்து, குரக்கனை நிரப்பி, பிரேசியரின் உள்ளே மடிப்பு வைத்துச் செருகினீர். இரண்டு நாள் வீட்டுக்குள் போட்டு நடந்தீர். திருகோணமலை வெயிலில் வேர்வைக்குப் பஞ்சமா? மூன்றாம் நாள் பையைக் குரக்கனோடேயே தோய்த்து, குளியலறைக்குள் யாரும் காணாத இடத்தில் தொங்கவிட்டுவிட்டீர். நான் அடுத்த முறை வந்தபோது கொண்டியை நீக்கிவிட்டு என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர். துணியின் இழைகளுக்குள்ளால் வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

எனக்கு அழுகை வந்தது. எல்லாம் வீணாய்ப் போயிற்று என்று நினைத்தேன். நீர் குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர். தையல் போட்ட இடம் நோகிறது என்று கையால் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர். "இன்னும் ரெண்டு கிழமை விட்டிருந்தால் கதிர் வந்திருக்கும்," என்றீர். கொழும்புக்குப் போக முதல் இருந்த ஆளாக நீர் திரும்பி வந்துவிட்டீர் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

மறுநாளே குரக்கனை வறுத்தோம். வறுத்தது முளைக்காது. வீடு முழுக்க வாசம். சீனன்குடா எண்ணெய்த் தாங்கியில் வேலை முடிந்து வந்த என் மனுசன், "உங்க ரெண்டு பேருக்கும் குரக்கனில என்ன திடீர் காதல்?" என்று கேட்டார். உடம்புக்கு நல்லது என்றேன். பொய் இல்லை.

ஆனாலும் குரக்கன் தண்ணீரைவிட இலேசு, தராசில் பையின் பாரம் காணாது. கையை உயர்த்தினால் இன்னமும் கொஞ்சம் ஏறியது. கரும்பலகையின் மேல்வரிக்கு எட்டி எழுதவேண்டிய ஆள் நீர். லீவு முடிய ஒரு கிழமைதான் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சல்லிக் கோயிலுக்குப் போன இடத்தில், கரையில் காயப்போட்ட வலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வலையின் மேல்விளிம்பில் மிதவை, கீழ்விளிம்பில் ஈயம். கடலுக்குள் அது நேராக நிற்பது கீழே இருக்கும் ஈயத்தால்தானே. பாரத்தைப் பை முழுக்கப் பரப்பத் தேவையில்லை, கீழ்விளிம்பில் வைத்தால் போதும்.

எங்கள் ஒழுங்கைக்குச் சைக்கிளில் மீன் கொண்டுவருபவரிடம், வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு கொஞ்சம் கொண்டுவந்து தரச்சொன்னேன். "ஏன் ரீச்சர், வலை வீசப் போறியளோ?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரு பரிசோதனை என்றேன். மனுசன் அதை நம்பி, நல்ல குண்டுகளாகப் பொறுக்கிக்கொண்டு வந்து தந்தார். அன்றிலிருந்து மீன் நிறுக்கும்போதெல்லாம், "ரீச்சர், அந்தப் பரிசோதனை சரிவந்ததோ?" என்று கேட்பார். "பார்த்துக்கொண்டிருக்கிறன்," என்பேன். வேறென்ன சொல்வது?

குண்டுகளைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினேன். தடித்த துணியில் பொதிந்து பையின் கீழ்விளிம்பில் நீர் தைத்தீர். தராசில் வைத்தேன். வழிந்த தண்ணீரும் பையும் சமமாக நின்றன.

நீர் வேலைக்குத் திரும்பிய அன்று எனக்கும் முதல் பாடம் இருந்தது. பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டு வந்து, உம்முடைய வகுப்பு யன்னலுக்கு வெளியே நின்றேன். கடும் நீலச் சேலை, கூர்க்கழுத்துச் சட்டை. வெண்கட்டியை எடுத்தீர். வலது கையை மெல்ல மெல்ல உயர்த்தினீர், நோவு முகத்தில் தெரிந்தது. மேல்வரியில் எழுதினீர். சேலை அசையவில்லை. இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தன. முன்வரிசைப் பிள்ளைகள் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், உம்மை ஒருவரும் உற்றுப் பார்க்கவில்லை. நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீர் திரும்பினீர்.

"என்னப்பா இஞ்ச பார்க்கிறீர்? உம்மட வகுப்பு சந்தை மாதிரிக் கிடக்குது, போம்!"

அண்ணருக்கு அன்றைக்கே கடிதம் போட்டீர், வரவில்லை என்று.

அதற்குப் பிறகு சில வருடம் நன்றாகத்தான் இருந்தீர். குரக்கனை மட்டும் இடையிடையே புதிதாக வறுத்து மாற்றுவோம். உமக்குப் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் அந்த வாசம் வரும். ஆசிரியர் அறையில், "யாரோ குரக்கன் பிட்டு கொண்டுவந்திருக்கினம்," என்று மற்றவர்கள் தேடுவார்கள். நீர் என்னைப் பார்க்கமாட்டீர், நானும் உம்மைப் பார்க்கமாட்டேன்.

போன வருடம் நோய் எலும்புக்குத் திரும்பி வந்தது. இந்த முறை நான் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை.

நீர் போன அன்று உம்மைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்திய பெண்களோடு நானும் நின்றேன். பிரேசியரையும் பையையும் நான் எடுத்துக்கொண்டு வந்ததைக் கண்டு உம்முடைய அண்ணி, "இனி இது எதுக்குப் பிள்ளை?" என்று மெல்லக் கேட்டார். "அவவுக்கு வேணும்," என்றேன். அவர் உம்மைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பையைச் செருகப் போனபோது அதன் பாரம் என் கையில் தெரிந்தது. இந்த ஈயம் நீர் நடப்பதற்கும், கை உயர்த்துவதற்கும் வைத்தது. படுத்திருக்கும் உமக்கு அது தேவையில்லை. நான் ஒரு பக்கமாகத் திரும்பி நின்று கீழ்விளிம்புத் தையலைப் பிரித்து, குண்டுகளைப் பொதிந்த துணியோடு எடுத்துவிட்டு, குரக்கனை மட்டும் வைத்துத் தைத்தேன். நீலச் சேலையில் வடிவாக இருந்தீர்.

அடுத்த கிழமை மீன்காரர் வந்தார். "உங்கட சிநேகிதி ரீச்சர் மோசம் போயிட்டாவாம். வழியில காணுறனான். நல்ல நிமிர்ந்து நடக்கிற மனுசி," என்றார். பிறகு, பழக்கதோசத்தில், "அந்தப் பரிசோதனை என்ன மாதிரி ரீச்சர்?" என்று கேட்டார்.

"சரிவந்திட்டுது," என்றேன். அத்தனை காலத்தில் அன்றைக்குத்தான் அவருக்கு நேரான மறுமொழி சொன்னேன்.

நேற்றிரவு நாடாவை எடுத்து, நீர் காட்டித் தந்தபடி கீழே ஒருமுறையும் மேலே ஒருமுறையும் பிடித்து என்னை நானே அளந்தேன். நாளைக்கு அந்தக் கடைப் பிள்ளையிடம் போய்ச் சொல்லுவேன். ஈயக்குண்டுகளை டின்னுக்குள் திரும்பப் போட மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு உடுத்தும் சேலையின் முந்தானை ஓரத்துக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். இன்று காலை துறைமுகத் தெருவால் நடந்து வந்தேன். கடற்காற்று நல்லாய் அடித்தது. முந்தானை பறக்கவில்லை. தோளில் மட்டும் மெல்ல இழுத்துக்கொண்டே வந்தது. பாரத்தைத் தோளில் தூக்காதேயும் என்று நீர் ஏசுவீர், தெரியும். ஏசும்.