இடப்பக்கத்துப் பெட்டி

புஷ்பாவின் அம்மாவுக்கு,

ரவாங்கில் மகள் வீட்டில் சுகமா? அந்தப் பழைய ஸ்பீக்கர் பெட்டிகளின் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டேன். "ரெண்டும் பாடுதுலா" என்று நீ சொன்னபோது எரிந்து விழுந்தேன், இடப்பக்கம் ஊமை என்று.

நேற்று பெட்டிகளை இடம் மாற்றி வைத்து கேசட்டைப் போட்டேன். அப்போதும் இடப்பக்கம்தான் ஊமை. வெறுத்துப்போய் நாற்காலியைத் திருப்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். ஊமைப் பெட்டி பாடியது, மற்றது அடங்கிவிட்டது.

கோளாறு என் இடது காதில். தோட்டத்து ரப்பர் ஆலையில் இருபது வருஷம் இயந்திரம் அந்தப் பக்கம்தான் ஓடியது.

சாப்பிடும்போதும் படுக்கும்போதும் நீயும் அந்தப் பக்கம்தான். என்னோடு பேசுவதையே நீ விட்டுவிட்டாய் என்றல்லவா நினைத்தேன்!

போகிற அன்று, பையோடு என் இடப்பக்கம் கொஞ்ச நேரம் நின்றாயே. அப்போது என்ன சொன்னாய்? எழுது.

உன் வீட்டுக்காரன்