வழிந்த தண்ணீர்

இன்று காலையில் பக்கத்துத் தோப்பு சரசக்கா தட்டு நிறைய நாட்டுச்சர்க்கரையோடு வந்தார். "வாயத் தொற கண்ணு, எங்க போர்ல தண்ணி வந்திருச்சு" என்று ஊட்டியே விட்டார். அவர் சேலையில் ஈரப் பாறைத்தூளின் வாசனை. அதை முகர்ந்ததும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது.

நம் தோப்பில் போர் போட்ட அன்றும் இதே வாசனைதான். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் காட்டிய இடத்தில் மத்தியானம் வரை வெள்ளைப் புழுதிதான் பறந்தது. பிறகு சேறு, அப்புறம் தண்ணீர், தென்னை உயரத்துக்கு. எல்லோரும் சூடம் கொளுத்த ஓடினார்கள். இங்கிலீஷ் வாத்தியாரான நீங்களோ, தொப்பலாக நனைந்துகொண்டே பெண்டாட்டி எனக்குப் பாடம் எடுத்தீர்கள்.

"அபண்டன்ஸ்னா நெறயன்னு மட்டும் இல்ல புள்ள. லத்தீன்ல அது அலையிலிருந்து வந்த சொல்லு. கரை தாண்டி வழியறது."

ஊரே தண்ணீரைப் பார்க்கும்போது சொல்லைப் பார்க்கிற மனுஷன் என்று அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது. வழக்கப்படி நான்தான் சர்க்கரை எடுத்துக்கொண்டு சரசக்கா வீட்டுக்குப் போனேன்.

அந்தக் கோடையிலேயே அவர்கள் கிணறு வற்றியது. மாடுகளை விற்றார்கள். நம்மை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நீங்கள் தேறியிருப்பீர்கள். வேலிக்கு மேலே குழாய் போட்டு அவர்களுக்குத் தண்ணீர் விட்டீர்கள், அப்படியும் உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. "வழிஞ்சது நம்முளுது இல்ல புள்ள" என்றீர்கள். மாரடைப்பில் போகும்வரை அந்த இங்கிலீஷ் சொல்லை நீங்கள் மறுபடி எடுக்கவே இல்லை.

சாயங்காலம் நம் மோட்டாரைப் போட்டேன். கொஞ்சம் கலங்கல் வந்தது, பிறகு வெறும் காற்று. நிறுத்திவிட்டேன். சரசக்காவிடம் போய் என்ன சொல்ல? அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. நாளைக்கு அவராகவே குழாய் நீட்டுவார். அடுத்த தோப்புக்காரர் இன்னும் ஆழமாகப் போட்டால் அதுவும் நின்றுபோகும். தென்னைகள் இப்போதே குரும்பை உதிர்க்கின்றன. கோயம்புத்தூரிலிருந்து மகன் விற்றுவிடச் சொல்கிறான். தண்ணீரில்லாத தோப்பை யார் வாங்குவார்கள்?

நீங்கள் விட்டுப்போனதில் ஒன்று மட்டும் வற்றாமல் இருக்கிறது. எங்கே தண்ணீர் பொங்கினாலும் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. இது யார் வீட்டுத் தண்ணீர் என்றுதான் மனம் கேட்கிறது.